புகைப்படத்தில் உள்ள கோட்டின் சாய்வை ஜியோஜீப்ராவில் அளப்பது எப்படி?

பத்தாம் வகுப்பில் ஆயத்தொலை வடிவியல் படிக்கும்போது சாய்வு என்பது இரண்டு புள்ளிகளைச் சூத்திரத்தில் போட்டு எடுக்கும் ஒரு எண்ணாகவே நின்றுவிடுகிறது. பள்ளி வாசலில் இருக்கும் சக்கர நாற்காலிச் சாய்தளத்துக்கும் அந்த எண்ணுக்கும் உறவு இருக்கிறது என்பதை ஒரு கைபேசிப் படமும் ஒரு இலவச மென்பொருளும் அரை மணி நேரத்தில் காட்டிவிடும். இங்கே சொல்லப்படுவது அந்த வேலையை முதல்முறை செய்பவர்களுக்கான வழி. எடுத்துக்காட்டாகச் சாய்தளத்தையே எடுத்துக்கொள்கிறோம். அது எல்லா ஊரிலும் கிடைக்கும், அளந்த விடையை நேரில் போய்ச் சரிபார்க்கவும் முடியும்.

ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். இந்த வேலையில் மென்பொருள் தவறு செய்வதில்லை, தவறுவது படம்தான். கேமரா ஒரு பாகை சாய்ந்திருந்தால் மென்பொருள் அந்தச் சாய்வையும் சேர்த்து நான்கு தசம இடம் வரை துல்லியமாகத் தவறான விடை தரும். அதனால் இந்தக் கட்டுரையில் கணிசமான பகுதி படம் எடுப்பதைப் பற்றியே இருக்கும்.

சாய்வு: மூன்று விதமாகச் சொல்லும் ஒரே விஷயம்

கிடைமட்டமாக எவ்வளவு தூரம் போகிறோம் (ஓட்டம்), அதற்குள் எவ்வளவு உயர்கிறோம் (உயர்ச்சி) என்பதன் விகிதம் சாய்வு. 12 மீட்டர் போவதற்குள் 1 மீட்டர் ஏறினால் சாய்வு 1/12, அதாவது 0.0833. இதையே சதவீதத்தில் 8.33 என்பார்கள். கோணமாகச் சொன்னால் 4.76 பாகை. இலங்கைப் பாடநூல்களில் இதற்குப் படித்திறன் என்று பெயர்.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது சதவீதத்தில். 100 சதவீதச் சாய்வு என்றால் செங்குத்து இல்லை, 45 பாகைதான். செங்குத்துக்குச் சாய்வு என்ற எண்ணே கிடையாது, ஓட்டம் பூஜ்யமாகிவிடுகிறது. கோணத்தை இரட்டிப்பாக்கினால் சாய்வும் இரட்டிப்பாகும் என்பதும் சரியில்லை. சிறிய கோணங்களில் ஏறத்தாழ அப்படித் தெரியும், மேலே போகப்போக முறிந்துவிடும்.

நமக்கு வசதியான செய்தி ஒன்று உண்டு. சாய்வு என்பது நீளத்தை நீளத்தால் வகுப்பது. அலகு அடிபட்டுப் போகிறது. எனவே படத்தில் ஒரு சென்டிமீட்டர் நிஜத்தில் எத்தனை மீட்டர் என்று தெரிய வேண்டியதில்லை. அளவுகோலை வைத்துப் படம் எடுக்க வேண்டியதும் இல்லை. தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: அந்தப் படத்தில் உண்மையான கிடைமட்டம் எது, அல்லது உண்மையான செங்குத்து எது?

படம் எடுப்பதற்கு முன்

தேவையானவை: கைபேசி, 2 மீட்டர் கயிறு, கொத்தனார்கள் வைத்திருக்கும் தூக்குக்குண்டு. குண்டு இல்லாவிட்டால் கனமான நட்டு அல்லது கல் போதும். கயிற்றைச் சாய்தளத்தின் பக்கவாட்டுக் கைப்பிடியில் கட்டித் தொங்கவிடுங்கள். சாய்தளத்தின் பக்கச் சுவர் இருக்கும் அதே தளத்தில் கயிறும் இருக்க வேண்டும். முன்னால் இரண்டு மீட்டர் தள்ளி ஒரு குச்சியில் தொங்கவிட்டால் பலன் குறையும்.

காற்று அடித்தால் குண்டு ஆடிக்கொண்டே இருக்கும். குண்டை ஒரு வாளித் தண்ணீருக்குள் மூழ்கும்படி தொங்கவிட்டால் சற்று நேரத்தில் அடங்கிவிடும். வாளியின் அடியையோ பக்கத்தையோ குண்டு தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கயிற்றின் பருமன் முக்கியம். படத்தின் அகலம் 4000 பிக்சல், அதற்குள் அடங்கும் காட்சி 10 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு பிக்சலுக்கு 2.5 மில்லிமீட்டர் வருகிறது. தையல் நூல் அந்தப் படத்தில் இருக்கவே இருக்காது. 5 மில்லிமீட்டர் பருமனுள்ள நைலான் கயிறு, சுவரின் நிறத்துக்கு எதிரான நிறத்தில், நல்ல தேர்வு.

தூக்குக்குண்டுக்கு வழியில்லை என்றால் கட்டடத்தின் மூலை விளிம்பு, கதவு நிலை, சன்னல் சட்டம் ஆகியவற்றைச் செங்குத்தாக எடுத்துக்கொள்ளலாம். விளக்குக் கம்பத்தையும் மரத்தையும் நம்ப வேண்டாம். தரையையும் நம்ப வேண்டாம், மழைநீர் வடிய அதற்கே ஒரு வாட்டம் கொடுத்திருப்பார்கள். கடற்கரையில் எடுத்த படமானால் அடிவானக் கோடு மிக நல்ல கிடைமட்டம். ஆனால் ஏரியின் எதிர்க்கரை அப்படியல்ல. கரை நமக்கு நேர் குறுக்காக ஓடாமல் சாய்ந்து விலகிப் போனால், தண்ணீர் மட்டமாக இருந்தாலும் படத்தில் அதன் விளிம்பு சாய்வாகத்தான் விழும்.

எங்கே நிற்பது

சாய்தளத்தின் பக்கச் சுவருக்கு நேர் எதிரே, அதன் நடுப்பகுதிக்குச் செங்குத்தாக நில்லுங்கள். சாய்தளத்தின் நீளம் 6 மீட்டர் என்றால் 25 முதல் 30 மீட்டர் வரை பின்னால் போவது நல்லது. பிறகு இரண்டு அல்லது மூன்று மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். பக்கத்தில் நின்று அகலக் கோண லென்ஸில் முழுவதையும் அடக்கினால் நேர்க்கோடுகளே படத்தின் ஓரத்தில் வளைந்துவிடும். கைபேசியில் 0.5 மடங்கு என்று காட்டும் லென்ஸை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். அளக்கப்போகும் கோடு படச்சட்டத்தின் நடுவில் இருக்கட்டும்.

நேர் எதிரே நிற்க முடியாமல் கொஞ்சம் ஓரமாக நின்றால் என்ன ஆகும்? ஓட்டம் சுருங்கித் தெரியும், உயரம் அப்படியே இருக்கும். அதனால் சாய்வு உண்மையைவிட அதிகமாகக் காட்டும். தொலைவிலிருந்து எடுக்கும் படத்தில் கணக்கு எளிது: உண்மைச் சாய்வை, நாம் விலகி நிற்கும் கோணத்தின் கொசைனால் வகுத்தால் படத்தில் தெரியும் சாய்வு கிடைக்கும். 10 பாகை விலகினால் ஒன்றரை சதவீதப் பிழை, பொறுத்துக்கொள்ளலாம். 20 பாகைக்கு 6 சதவீதம். 30 பாகைக்கு 15 சதவீதம், அது ஆகாது. இந்தப் பிழை எப்போதும் ஒரே திசையில், அதாவது செங்குத்தாகக் காட்டும் திசையில்தான் வரும் என்பதை நினைவில் வைத்தால் சந்தேகமான படங்களை எடைபோட உதவும்.

கேமராவை மேலே அண்ணாந்தோ கீழே குனிந்தோ பிடிக்காதீர்கள். அண்ணாந்து எடுத்தால் செங்குத்துக் கோடுகள் மேலே போகப்போக ஒன்றை ஒன்று நெருங்கும், கட்டடம் பின்னால் சாய்வது போலத் தெரியும். அப்படிப்பட்ட படத்தில் இடப்பக்கச் செங்குத்தும் வலப்பக்கச் செங்குத்தும் வேறு வேறு திசை காட்டுவதால் எதை நம்புவது என்றே தெரியாது. உயரமான பொருள் சட்டத்துக்குள் அடங்காவிட்டால் கேமராவைத் தூக்காமல் பின்னால் போங்கள். படத்தின் கீழ்ப்பாதியில் வெறும் தரை வந்தால் வரட்டும், பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

கைபேசிக் கேமரா அமைப்பில் கட்டக் கோடுகளும் மட்டம் காட்டும் குறியும் இருந்தால் இயக்கி வையுங்கள். அவை உதவிக்குத்தான், தூக்குக்குண்டுக்கு மாற்று இல்லை. மூன்று நான்கு படங்கள் எடுத்து வையுங்கள்.

கணினிக்கு மாற்றும்போது படத்தை இழுத்து நீட்டாதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தெளிவு குறையும், ஆனால் நீள அகல விகிதம் மாறாது. ஆனால் ஏதோ ஒரு செயலியில் அகலத்தை மட்டும் மாற்றிச் சேமித்த படம் உதவாது. அகலம் 10 சதவீதம் கூடினால் 0.0833 என்ற சாய்வு 0.0758 ஆகிவிடும். வேறு யாரோ தந்த படமாக இருந்தால் அதில் நேர் எதிரே தெரியும் வட்டமான ஏதாவது ஒன்றை, ஒரு வண்டிச் சக்கரத்தையோ சுவர்க்கடிகாரத்தையோ, அகலமும் உயரமும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக வர வேண்டும்.

ஜியோஜீப்ராவைத் தயார் செய்தல்

ஜியோஜீப்ரா 2001-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் தொடங்கிய மென்பொருள். பள்ளி, கல்லூரிப் பயன்பாட்டுக்கு இலவசம். கணினியில் கிளாசிக் 5 அல்லது கிளாசிக் 6 பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கைபேசியிலும் செய்யலாம்தான். ஆனால் விரல் நுனி மறைக்கும் இடத்தில்தான் புள்ளி வைக்க வேண்டியிருக்கும், அதனால் மவுஸ் இருக்கும் கணினியே நல்லது.

படத்தைச் சேர்ப்பதற்கு முன் மூன்று அமைப்புகளைச் சரிசெய்யுங்கள். இவற்றை விட்டுவிட்டு அளந்தவர்கள் எல்லோரும் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டி வரும்.

முதலாவது, தசம இடங்கள். தொடக்கத்தில் மென்பொருள் இரண்டு இடம்தான் காட்டும். சாய்தளத்தின் சாய்வு 0.08 என்று காட்டினால் அது 0.075-ஆகவும் இருக்கலாம், 0.085-ஆகவும் இருக்கலாம். முன்னது 13.3-க்கு 1, பின்னது 11.8-க்கு 1. சாய்தளம் 12-க்கு 1-ஐவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது என்ற விதிக்குள் முன்னது அடங்கும், பின்னது அடங்காது. ‘ரவுண்டிங்’ என்ற அமைப்பில் நான்கு தசம இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டாவது, இரண்டு அச்சுகளின் அளவும் 1:1 ஆக இருக்கட்டும். ஒரு அச்சை மட்டும் பிடித்து இழுத்துவிட்டால் அந்த விகிதம் கெட்டுவிடும். வரைபடப் பகுதியின் அமைப்பில் அதைத் திரும்பக் கொண்டுவரலாம்.

மூன்றாவது, ‘பாயிண்ட் கேப்சரிங்’ என்ற அமைப்பை ‘ஆஃப்’ செய்யுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் வைக்கும் புள்ளி, அருகிலிருக்கும் கட்டச் சந்திப்புக்குத் தானாகத் தாவும். நாம் கயிற்றின் மேல் வைத்த புள்ளி கயிற்றுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், கவனிக்காவிட்டால் தெரியவே தெரியாது. கட்டங்களையும் மறைத்துவிடுங்கள்.

இனி படம். கிளாசிக் 5-இல் ‘எடிட்’ மெனுவில் ‘இன்சர்ட் இமேஜ் ஃப்ரம்’, அதில் ‘ஃபைல்’. மேலே உள்ள கருவிப்பட்டையில் ஸ்லைடர் பொத்தானின் கீழ் விரியும் ‘இமேஜ்’ கருவியாலும் சேர்க்கலாம். படம் வந்து விழும்போது அதன் கீழ் மூலைகள் இரண்டிலும் ஏ, பி என்று இரண்டு புள்ளிகள் இருக்கும். படம் இந்த இரண்டு புள்ளிகளில் மாட்டித் தொங்குகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். புள்ளியை நகர்த்தினால் படம் பெரிதாகும், சிறிதாகும், சுழலும்.

ஏ-யின் ஆயங்களை (0, 0) என்றும் பி-யின் ஆயங்களை (10, 0) என்றும் தட்டச்சு செய்து மாற்றுங்கள். படம் இப்போது நேராக, பத்து அலகு அகலத்தில் உட்காரும். படத்தின் மேல் வலது பொத்தானை அழுத்திப் பண்புகளில் ‘பேக்கிரவுண்ட் இமேஜ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதன் பின் படம் மவுஸில் சிக்காது, தவறிப்போய் நகராது. பிறகு அதை மாற்ற வேண்டுமானால் ‘எடிட்’ மெனு வழியாகப் பண்புகளுக்குப் போக வேண்டும். வண்ணப் பண்பில் படத்தைக் கொஞ்சம் மங்கலாக்கினால் நாம் வரையும் கோடுகள் எடுப்பாகத் தெரியும்.

அளப்பது

தூக்குக்கயிற்றின் மேல்முனையில் சி, கீழ்முனையில் டி என்று புள்ளி வையுங்கள். பிறகு சாய்தள விளிம்பின் தாழ்ந்த முனையில் ஈ, உயர்ந்த முனையில் எஃப். ஒவ்வொரு புள்ளியையும் வைக்கும்போது மவுஸ் சக்கரத்தால் நன்றாகப் பெரிதாக்கிக்கொண்டு, வைத்த பிறகு திரும்பச் சிறிதாக்குங்கள். கயிற்றின் இடது ஓரத்தில் சி-யை வைத்தால் டி-யையும் இடது ஓரத்திலேயே வைக்க வேண்டும். சாய்தளத்திலும் அப்படித்தான்: மேல் விளிம்பு என்றால் இரு முனையிலும் மேல் விளிம்பு. ஒரு முனையில் தளத்தின் மேல்பக்கம், மறுமுனையில் சுவரின் அடி என்று வைத்துவிட்டால் எந்தத் திருத்தமும் காப்பாற்றாது.

புள்ளிகள் முடிந்தவரை தூரத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு முனையிலும் 2 பிக்சல் பிசகினால் சேர்ந்து 4 பிக்சல் வரை போகலாம். 800 பிக்சல் நீளமுள்ள கோட்டில் அது 0.3 பாகைக்கும் குறைவான பிழை. 100 பிக்சல் கோட்டிலோ 2 பாகையைத் தாண்டும். தூக்குக்கயிறும் அதே காரணத்துக்காகத்தான் நீளமாக இருக்க வேண்டும்.

அடுத்து, சி, டி வழியாக ஒரு கோடு வரையுங்கள். பிறகு செங்குத்துக்கோடு வரையும் கருவியை எடுத்து, சிடி கோட்டுக்குச் செங்கோணத்தில் ஈ வழியாக ஒரு கோடு போடுங்கள். இதுதான் இந்தப் படத்தின் உண்மையான கிடைமட்டம். கேமரா எப்படிச் சாய்ந்திருந்தாலும் கவலையில்லை. அந்தக் கோட்டின் மேல், எஃப் இருக்கும் பக்கமாக, ஜி என்ற புள்ளி வையுங்கள். கோணக் கருவியை எடுத்து ஜி, ஈ, எஃப் என்ற வரிசையில் சொடுக்கினால் சாய்கோணம் கிடைக்கும். சாய்தளம் வலப்பக்கமாக ஏறினால் இந்த வரிசை. இடப்பக்கமாக ஏறினால் எஃப், ஈ, ஜி. வரிசை மாறிவிட்டால் 4.76 பாகைக்குப் பதிலாக 355.24 என்று காட்டும். மென்பொருள் இடஞ்சுழியாக அளப்பதால் வரும் விளைவு இது, வரிசையை மாற்றிச் சொடுக்கினால் சரியாகிவிடும்.

கோணத்திலிருந்து சாய்வுக்குப் போக, உள்ளீட்டுப் பட்டையில் அந்தக் கோணத்தின் டேன் மதிப்பைக் கேளுங்கள். எண்ணைக் கையால் தட்டச்சு செய்வதானால் பாகைக் குறியைச் சேர்க்க மறக்காதீர்கள். குறியில்லாத 4.76-ஐ மென்பொருள் ரேடியனாக எடுத்துக்கொண்டு ஏறத்தாழ −21 என்று விடை தரும். 0.0833 வர வேண்டிய இடத்தில் −21 வந்தால் காரணம் இதுதான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கயிற்றின் மேல்முனை (6.05, 5.20), கீழ்முனை (6.00, 1.10). சாய்தளத்தின் தாழ்ந்த முனை (1.20, 0.95), உயர்ந்த முனை (8.60, 1.48). கயிற்றை மறந்துவிட்டுச் சாய்தளத்தை மட்டும் பார்த்தால் உயர்ச்சி 0.53, ஓட்டம் 7.40, சாய்வு 0.0716. அதாவது 14-க்கு 1, கோணம் 4.10 பாகை. வசதியான சாய்தளம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் கயிறு 4.10 உயரத்துக்கு 0.05 வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது, அது 0.70 பாகை. முழுப் படமும் வலஞ்சுழியாக 0.70 பாகை திரும்பியிருக்கிறது என்று பொருள். வலப்பக்கம் ஏறும் கோட்டை அது அவ்வளவு தாழ்த்திக் காட்டியிருக்கிறது. உண்மைக் கோணம் 4.80 பாகை, சாய்வு 0.0840, ஏறத்தாழ 11.9-க்கு 1. ஒரு பாகைக்கும் குறைவான கேமராச் சாய்வு, 12-க்கு 1 என்ற எல்லையை லேசாகத் தாண்டிய ஒரு தளத்தை 14-க்கு 1 என்று காட்டிவிட்டது.

கேமரா ஒரு முழுப் பாகை சாய்ந்தால் சரியாக 12-க்கு 1 உள்ள தளம் ஒரு பக்கம் 15-க்கு 1 ஆகவும் மறுபக்கம் 10-க்கு 1 ஆகவும் தெரியும். செங்குத்தான கோடுகளைவிட மென்மையான சரிவுகளில்தான் இந்தப் பிழை அதிகம் கடிக்கும். கையில் பிடித்து எடுக்கும் படத்தில் ஒரு பாகைச் சாய்வு என்பது கண்ணுக்கே தெரியாது.

‘ஸ்லோப்’ கருவியைப் பயன்படுத்த விரும்பினால்

கோணக் கருவியின் கீழ் விரியும் பட்டியலில் ‘ஸ்லோப்’ என்று ஒன்று இருக்கிறது. ஒரு கோட்டைச் சொடுக்கினால் ஓட்டம் 1 அலகும் உயர்ச்சி சாய்வின் அளவும் உள்ள ஒரு சிறு முக்கோணத்தை வரைந்து காட்டும். வகுப்பில் மாணவர்களுக்கு உயர்ச்சியும் ஓட்டமும் கண்ணில் பட வேண்டும் என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் இந்தக் கருவி மென்பொருளின் கிடை அச்சை வைத்து அளக்கிறது, உங்கள் தூக்குக்கயிற்றைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. எனவே முதலில் படத்தைச் சுழற்றி நேராக்க வேண்டும்.

மேலே சொன்ன கணக்கில் படத்தை இடஞ்சுழியாக 0.70 பாகை சுழற்ற வேண்டும். பி-யின் ஆயங்களாக (10; 0.7°) என்று கொடுங்கள். நடுவில் காற்புள்ளி இல்லை, அரைப்புள்ளி. அரைப்புள்ளி போட்டால் மென்பொருள் அதைத் தூரமும் கோணமுமாகப் புரிந்துகொள்ளும். படம் சுழன்று நேராகிவிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. படம் சுழலும்போது நீங்கள் ஏற்கெனவே வைத்த சி, டி, ஈ, எஃப் புள்ளிகள் கூடவே சுழலாது. அவை தாளில் இருந்த இடத்திலேயே நிற்கும். சுழற்றிய பிறகு எல்லாப் புள்ளிகளையும் படத்தின் மேல் சரியான இடத்துக்குத் திரும்ப நகர்த்தி, கயிறு இப்போது செங்குத்தாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகே ஸ்லோப் கருவியைத் தொடுங்கள்.

சாய்வின் குறி பற்றி ஒரு வார்த்தை. இடமிருந்து வலமாக ஏறினால் நேர்க்குறி, இறங்கினால் எதிர்க்குறி. அதே சாய்தளத்தை மறுபக்கத்திலிருந்து எடுத்தால் குறி மாறும், அளவு மாறாது. சில பட மென்பொருள்களில் பிக்சல்களை மேலிருந்து கீழாக எண்ணுவார்கள். அங்கிருந்து ஆயங்களை எடுத்து வந்து சூத்திரத்தில் போட்டால் குறி தலைகீழாகும்.

விளிம்பு நேராக இல்லாதபோது

பூச்சு உதிர்ந்த விளிம்பு, மண் சரிவு, ஓட்டுக்கூரை. இவற்றில் இரண்டே இரண்டு புள்ளிகளை நம்பக் கூடாது. விளிம்பு நெடுகிலும் எட்டுப் பத்துப் புள்ளிகள் வைத்து, அவை எல்லாவற்றையும் உள்ளடக்கித் தேர்ந்தெடுத்து, ‘பெஸ்ட் ஃபிட் லைன்’ கருவியால் ஒரு கோடு பொருத்துங்கள். தூக்குக்கயிற்றுக்கு மட்டும் இந்தக் கருவி வேண்டாம். அது மேல்கீழ் விலகலைக் குறைக்கும் முறையில் கோடு போடுவதால் செங்குத்தை நெருங்கும் கோடுகளில் தாறுமாறாகப் போய்விடும்.

மாடிப்படியானால் ஒவ்வொரு படியின் முன்விளிம்பிலும் ஒரு புள்ளி வைத்து அவற்றின் வழியே கோடு பொருத்துங்கள். ஒரு படி 15 சென்டிமீட்டர் உயரமும் 30 சென்டிமீட்டர் அகலமும் இருந்தால் சாய்வு 0.5, கோணம் 26.6 பாகை வரும்.

சாலை வளைந்து ஏறும்போது எந்தக் கோட்டை அளப்பது என்பதே பெரிய கேள்வி. நியூசிலாந்தின் டனீடின் நகரிலுள்ள பால்ட்வின் தெரு 34.8 சதவீதச் சாய்வுடன் உலகின் மிகச் செங்குத்தான தெரு என்று பெயர் பெற்றது. 2019-இல் அந்தப் பட்டம் 37.45 சதவீதம் என்று அளக்கப்பட்ட வேல்ஸ் நாட்டு ஹார்லெக் ஊர்த் தெருவுக்குப் போனது. 2020-இல் கின்னஸ் நிறுவனம் தெருவின் மையக்கோட்டில்தான் அளக்க வேண்டும் என்று முடிவு செய்ததும் பட்டம் பால்ட்வின் தெருவுக்கே திரும்பியது. வளைவில் உள்விளிம்பின் ஓட்டம் குறைவு, உயர்ச்சி அதேதான், அதனால் உள்விளிம்பு அதிகச் செங்குத்து. பால்ட்வின் தெருவின் படங்களில் வீடுகள் மண்ணுக்குள் சாய்ந்து மூழ்குவது போல இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தெருவை மட்டமாக வைத்துக் கேமராவைச் சாய்த்து எடுத்த படங்கள் அவை. அந்த மாதிரிப் படத்தை எடுத்துக்கொண்டு ஒரு வீட்டின் சன்னல் விளிம்பைச் செங்குத்தாக வைத்து அளந்து பாருங்கள். இந்த முறை எதற்காக என்பது கண் முன்னே விளங்கும். தெருவுக்குக் குறுக்காக, வீட்டு முகப்புக்கு நேராக எடுத்த படமானால் 19 பாகைக்கு அருகில் விடை வர வேண்டும்.

சரிபார்த்தல்

நேரில் போய்ச் சரிபார்க்க ஒரு மீட்டர் நீளமுள்ள ரசமட்டம் போதும். சாய்தளத்தின் மேல் அதை ஏறும் திசையில் வைத்து, தாழ்ந்த முனையைத் தூக்கிக் குமிழ் நடுவுக்கு வந்ததும் நிறுத்துங்கள். தூக்கிய முனைக்கும் தளத்துக்கும் உள்ள இடைவெளியை அளவுநாடாவால் அளங்கள். 8.3 சென்டிமீட்டர் என்றால் 12-க்கு 1. தொடக்கத்தில், நடுவில், முடிவில் என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும், சாய்தளங்கள் முடியும் இடத்தில் திடீரென்று செங்குத்தாவது உண்டு. படத்தில் அளந்ததும் இதுவும் அரைப் பாகைக்குள் ஒத்துப்போனால் வேலையை நன்றாகச் செய்திருக்கிறீர்கள்.

ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் நேர் எதிரே நின்றீர்களா என்று பாருங்கள். கைப்பிடித் தூண்கள் சம இடைவெளியில் நடப்பட்டிருந்தால் அது எளிது: படத்தில் இடது ஓரத்து இடைவெளியையும் வலது ஓரத்து இடைவெளியையும் மென்பொருளில் அளங்கள். ஒன்று கணிசமாகப் பெரிதாக இருந்தால் நீங்கள் அந்த ஓரத்துக்குப் பக்கமாகச் சாய்ந்து நின்றிருக்கிறீர்கள்.

12-க்கு 1 என்ற எல்லை ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், சக்கர நாற்காலியைத் தன் கையால் தள்ளிக்கொண்டு ஏறும் ஒருவருக்கு அதைவிடச் செங்குத்தான தளம் ஏற முடியாததாகிவிடுகிறது, இறங்கும்போது ஆபத்தாகிவிடுகிறது. 15 சென்டிமீட்டர் உயரமுள்ள மூன்று படிகளுக்கு மாற்றாக ஒரு தளம் போட வேண்டுமானால் 5.4 மீட்டர் ஓட்டம் தேவை. இடமில்லை என்று 2 மீட்டரில் முடித்துவிட்ட தளங்களைப் பல வாசல்களில் பார்க்கலாம். ஒப்பிட்டுப் பாருங்கள்: கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே நீலகிரி மலை ரயில் பற்சக்கரத்தின் துணையோடு ஏறும் மிகச் செங்குத்தான பகுதியின் சாய்வும் 12-க்கு 1 தான்.

பழகிய பிறகு செய்து பார்க்க ஒன்று

கீசாவின் பெரிய பிரமிடு இந்த வேலைக்கு அருமையான பொருள். பழைய எகிப்தியர் சரிவை நம்மைப் போல ஓட்டத்துக்கு எவ்வளவு உயர்ச்சி என்று சொல்லவில்லை, ஒரு முழ உயர்ச்சிக்கு எவ்வளவு ஓட்டம் என்று சொன்னார்கள். அந்த அளவுக்குச் செகெட் என்று பெயர், ரைண்ட் பாப்பிரஸ் என்ற பழைய எகிப்தியக் கணிதச் சுவடியில் அதற்குக் கணக்குகளே இருக்கின்றன. ஒரு முழம் 7 உள்ளங்கை, ஓர் உள்ளங்கை 4 விரல். பெரிய பிரமிடின் செகெட் ஐந்தரை உள்ளங்கை, அதாவது 28 விரல் உயர்ச்சிக்கு 22 விரல் ஓட்டம். நம் முறையில் சாய்வு 1.27, கோணம் 51.8 பாகை.

ஒரு முகத்துக்கு நேர் எதிரே, தொலைவிலிருந்து எடுத்த படத்தில் பிரமிடின் இரு ஓரங்களையும் அளந்தால் இந்த எண் வரும். பாலைவன அடிவானமே கிடைமட்டம் தரும், ஐயமிருந்தால் இரண்டு ஓரக் கோணங்களின் சராசரியை எடுங்கள், கேமராச் சாய்வு அதில் அடிபட்டுப் போகும். பலருடைய விடை 42 பாகைக்கு அருகில் வந்து நிற்கும். அவர்கள் அளந்ததில் தவறில்லை. மூலைக்கு நேர் எதிரே நின்று எடுத்த படம் அது. அங்கே ஓரமாகத் தெரிவது முகத்தின் சரிவு அல்ல, இரண்டு முகங்கள் சேரும் மூலை விளிம்பு. அதன் ஓட்டம் இரண்டின் வர்க்கமூலம் அளவுக்கு நீளமானது, அதனால் சாய்வு 0.90-ஆகக் குறைகிறது. படத்தில் பிரமிடின் ஒரு முகம் மட்டும் தெரிகிறதா, இரண்டு முகங்கள் தெரிகின்றனவா என்று பார்த்தாலே எது எந்தப் படம் என்று பிரித்துவிடலாம்.

பைசா கோபுரத்தைப் போலச் செங்குத்தை ஒட்டிய பொருள்களுக்குச் சாய்வு என்ற எண்ணே உதவாது. 86 பாகைக்குச் சாய்வு 14.3, 87 பாகைக்கு 19.1. ஒரு பாகைக்கு எண் இப்படித் துள்ளினால் அதை வைத்து என்ன சொல்ல முடியும்? அங்கே தூக்குக்கயிற்றிலிருந்து எத்தனை பாகை விலகல் என்று மட்டும் எழுதுங்கள். கோபுரம் கட்டும் காலத்திலேயே சாய்வைச் சரிசெய்ய முயன்றதால் அது லேசாக வளைந்தும் இருக்கிறது. கீழ்த்தளங்களுக்கு ஒரு கோடு, உச்சிக்கு இன்னொரு கோடு என்று தனித்தனியே போட்டால் அந்த வளைவு எண்களில் தெரியும்.